முடக்கத்தானைச் சோதித்துப் பாருங்கள், அதுவரை ‘மாத்திரை வேண்டாம்’ என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மருத்துவ இணைப்பில் முடக்கத்தான் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரைக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லை என்று வெட்டுவதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், பாளையங்கோட்டை பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கட்டுரையில் பாதிக்கு மேல் சரியாகவே இருக்கிறது. இந்த மூலிகைக்கு அழற்சியைக் குறைக்கும் தன்மை இருப்பதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள் என்று எழுதியது உண்மை. என் புகார் தலைப்பைப் பற்றியது. ‘மூட்டுவாதத்தை வேரோடு ஒழிக்கும் முடக்கத்தான், மாத்திரைக்கு இனி வேலை இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டீர்கள். நான் அம்பாசமுத்திரம் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன், அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை. இணைப்பு வந்த அன்று மத்தியானத்துக்குள்ளேயே அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கடையில் இருந்த முடக்கத்தான் பொடி அன்றைக்கே தீர்ந்துபோனது. வியாபாரம் என்று பார்த்தால் எனக்கு நல்லதுதான், ஆனால் மனசு கேட்கவில்லை. வந்தவர்களில் பலர் விலையைக்கூடக் கேட்கவில்லை, “அண்ணாச்சி, இதச் சாப்பிட ஆரம்பிச்சா ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திரலாம்லா?” என்றுதான் கேட்டார்கள்.

நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அனுப்பினேன். அச்சில் வந்ததை நம்புவார்களா, பொட்டலம் கட்டுகிறவன் வாயால் சொல்வதை நம்புவார்களா? அதனால்தான் அதே அச்சில் வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தக் கொடி மேல் பிரியம் உண்டு. எங்கள் பக்கத்தில் பிசான நடவுக்கு மழை விழுந்ததும் ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம், உடைமரம், முள்வேலி என்று எதையும் விடாமல் ஏறிப் படர்ந்துவிடும். தண்டு நூல் மாதிரி மெலிசாக இருக்கும், பற்றுக்கம்பியால் பிடித்துப் பிடித்து ஏறும், பூ வெள்ளையாகப் பொடிப்பொடியாக இருக்கும். காய்தான் அடையாளம், மூன்று பட்டையாக உள்ளே காற்று அடைத்து உப்பி இருக்கும், பிள்ளைகள் அதைப் பறித்து நெற்றியில் அடித்து ‘டப்’ என்று வெடிக்க வைத்து விளையாடும். உள்ளே இருக்கும் விதை மிளகு அளவு, கருப்பு, அதன் மேல் வெள்ளையாக இதய வடிவத்தில் ஒரு புள்ளி. வரைந்து வைத்ததுபோல் அவ்வளவு சுத்தமாக இருக்கும். கொடியைக் கொண்டுவருகிற அம்மாக்களிடம் காயோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்பதே அந்த விதையைப் பார்த்து உறுதி செய்யத்தான், ஏனென்றால் இலையை மட்டும் உருவிக் காயவைத்துவிட்டால் அது எந்தக் கொடியின் இலை என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இலையை அரிசியோடு சேர்த்து அரைத்துத் தோசை சுடுவார்கள், ரசம் வைப்பார்கள், விளக்கெண்ணெயில் வதக்கி முட்டில் வைத்துக் கட்டுவார்கள். அதிகமாகச் சாப்பிட்டால் வயிற்றை இளக்கிவிடும், அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2006-ல் சிக்குன்குனியா வந்து ஊர் ஊராக ஆட்கள் கை கால் மடக்க முடியாமல் கிடந்தார்களே, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் வலி போகாமல் சுவரைப் பிடித்து நடந்தார்களே, அப்போது இந்தப் பக்கத்தில் வேலியில் ஒரு கொடி மிச்சமில்லாமல் உருவிக்கொண்டு போனார்கள். பலபேர் இதமாக இருந்தது என்று சொன்னார்கள். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிக்குன்குனியா வலி நிறையப் பேருக்கு மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காலப்போக்கில் குறைந்துவிடுகிற வலி. அப்போது குறைந்தது இலையாலா, நாளாலா என்று பிரித்துப் பார்க்க யாரும் கணக்கு வைக்கவில்லை. இந்தக் கேள்வியைத்தான் உங்கள் கட்டுரை தாண்டிக் குதித்துப் போய்விட்டது.

சரி, ஆய்வகத்தில் என்ன பார்த்தார்கள்? கட்டுரையில் ‘விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டதால், எனக்குத் தெரிந்த அளவில் வாசகர்களுக்காக விரித்து எழுதுகிறேன்.

அழற்சி என்றால் வேறொன்றுமில்லை, அடிபட்ட இடமோ கிருமி புகுந்த இடமோ சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறதே அதுதான். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற வேலை. வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும், அடங்காமல் மூட்டுக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தால் நோய். இதை எலியிடம் சோதிக்க ஒரு பழைய முறை உண்டு. செம்பாசியிலிருந்து எடுக்கிற கேராஜீனன் என்ற பொருளை எலியின் பாதத்தில் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கிவிடும். (அந்த வகைப் பாசியை மண்டபம் பக்கம் நம் மீனவப் பெண்களே கடலில் மிதவை கட்டி வளர்க்கிறார்கள்.) வீங்கிய பாதத்தைத் திரவத்தில் முக்கி, எவ்வளவு திரவம் விலகுகிறது என்று அளந்தால் வீக்கத்தின் அளவு தெரியும். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடக்கத்தான் அழற்சியில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி 1987-லேயே பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரை வந்துவிட்டது. அதாவது இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி இல்லை.

அதற்கு அப்புறம் 2009-ல் திருவனந்தபுரத்தில், ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். பொதிகை மலைக்கு இந்தப் பக்கம் நாம் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் அவர்கள் இதை எலியின் நோய் எதிர்ப்புச் செல்களில் சோதித்திருக்கிறார்கள். கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு பொருளை அந்தச் செல்களோடு சேர்த்தால், கிருமியே வந்துவிட்டதாக நினைத்து அவை அழற்சியைக் கிளப்பும் பொருள்களைச் செய்ய ஆரம்பிக்கும். காக்ஸ்-2 என்ற நொதி, டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதம், நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் ஒரு நொதி, இந்த மூன்றும் அதில் முக்கியமானவை. முடக்கத்தானைச் சாராயத்தில் (ஆல்கஹாலில்) ஊறவைத்து எடுத்த சாறு சேர்த்தபோது இந்த மூன்றும் குறைந்தன. மூன்றையும் முடுக்கிவிடுகிற என்எஃப் கப்பா பி என்ற விசையிலேயே சாறு கை வைக்கிறது என்று கண்டார்கள். அதே ஆய்வாளர்கள் 2006-ல், எலியின் வயிற்றில் சாராயம் உண்டாக்கும் புண்ணை இந்தச் சாறு குறைப்பதையும் எழுதியிருந்தார்கள். வலி மாத்திரைகள் பெரும்பாலும் வயிற்றைப் புண்ணாக்கும், இது வயிற்றைக் காக்கிறது என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். படித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. நம் ஓடைக்கரைக் கொடிக்கு வெறும் பாட்டி சொன்ன பேர் மட்டும் இல்லை, உள்ளே சரக்கு இருக்கிறது.

இதில் டிஎன்எஃப் பற்றி ஒரு வார்த்தை. சரவாங்கி என்று நம் பக்கம் சொல்கிற முடக்குவாதத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கில் செலவாகிற ஊசி போடுகிறார்களே, அவற்றில் பல இந்த ஒரு புரதத்தைக் கட்டிப்போடுவதற்காகவே செய்த ஊசிகள். அந்தப் புரதத்தை ஒரு வேலிக்கொடி தொடுகிறது என்றால் ஆய்வாளர்கள் கவனிக்கத்தான் வேண்டும்.

ஆனால் கவனியுங்கள், அது கண்ணாடித் தட்டில் இருந்த எலிச் செல். செல்லின் மேல் நேராகச் சாற்றை ஊற்றினார்கள். நாம் சாப்பிடும்போது அது வயிற்றில் செரித்து, குடலில் உறிஞ்சி, ஈரலைத் தாண்டி, இரத்தத்தில் கலந்து, அப்புறம்தான் முட்டிக்குப் போக வேண்டும். எவ்வளவு போய்ச் சேருகிறது? சாராயத்தில் ஊறவைத்து வற்றவைத்த சாற்றுக்கும் நம் தோசைக்கும் என்ன சம்பந்தம்? தோசையில் ஒரு பிடி இலை இருக்கும், அதுவும் கல்லில் வெந்துபோன இலை. ஆய்வில் என்ன அளவு கொடுத்தார்கள், மனுஷ எடைக்கு அது எவ்வளவு வரும் என்ற கணக்கு எதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை. ‘தினமும் இரண்டு தோசை போதும்’ என்று மட்டும் இருந்தது.

இன்னொன்று, ‘நவீன மாத்திரைகள் அடைக்கும் அதே காக்ஸ்-2 நொதியை இதுவும் அடைக்கிறது, ஆனால் பக்கவிளைவே இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். காக்ஸ்-2-வை மட்டும் குறிபார்த்து அடைக்கிற ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரை 1999-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. வயிற்றைப் புண்ணாக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்து 2004-ல் தயாரித்த கம்பெனியே சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அது எப்படித் தெரிந்தது? ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்ததால் தெரிந்தது. முடக்கத்தானும் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை, காலங்காலமாகக் கீரையாகச் சாப்பிட்டு வருகிற பொருள் அது. ஆனால் கீரையாக எப்போதாவது சாப்பிடுவது வேறு, மருந்தாக வருஷக்கணக்கில் தினமும் பொடியை விழுங்குவது வேறு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை எடுக்கிற எழுபது வயது பெரியவருக்கு அது ஒத்துப்போகுமா என்று பார்க்காமல் ‘பக்கவிளைவே இல்லை’ என்று எப்படி எழுதுகிறீர்கள்?

மூட்டுவலி என்பது ஒரே நோயும் இல்லை. வயசாகி, குத்தவைத்து, பாரம் சுமந்து முட்டியின் குருத்தெலும்பு தேய்ந்து வருகிற வலி ஒன்று. யூரிக் அமிலம் கூடிப் பெருவிரல் சிவந்து ராத்திரியில் உயிரை எடுக்கிற வலி ஒன்று. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கி, காலையில் எழுந்தால் விரல் மடங்காமல் ஒரு மணி நேரம் மரத்துக் கிடக்கிற முடக்குவாதம் ஒன்று. இந்தக் கடைசி வகையில் தாமதிக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே மருந்தைத் தொடங்கி விடாமல் எடுத்தால் மூட்டைக் காப்பாற்றலாம், விட்டுவிட்டால் எலும்பு அரித்து விரல் கோணிவிடும், கோணினது திரும்பாது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் திண்ணையில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக்கணக்கு, அப்படியானால் ஆயிரம் தடவை அதே விரல்கள் அதே வேலையைச் செய்ய வேண்டும். எனக்குப் பழக்கமான ஒரு அக்காவுக்கு முடக்குவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் மட்டும் போடுகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்திருந்தார்கள், கை ஓரளவு நேராகி மறுபடி வேலைக்கு உட்கார்ந்திருந்தார். யாரோ செல்போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரையை விட்டுவிட்டு முடக்கத்தான் கஷாயம் மட்டும் குடித்திருக்கிறார். என் கடையில் வாங்கவில்லை, வேலியில் பறித்திருக்கிறார், எனக்கும் பிற்பாடுதான் தெரியும். சில மாதம் கழித்து வந்து நின்றபோது விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன, நூலின் முனையைப் பிடிக்க முடியவில்லை. இப்போது மறுபடி மாத்திரை எடுக்கிறார், வீக்கம் வற்றியிருக்கிறது, ஆனால் பீடிக் கணக்கு அட்டை அவருடைய மகள் பேருக்கு மாறிவிட்டது. பிளஸ் டூ முடித்த பிள்ளை.

இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு உங்கள் தலைப்பு மேல் கோபம்.

அதே சமயம், இந்த மூலிகையைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும் என்று நினைக்கிற டாக்டர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. தேய்மான வலிக்கு நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி, காலையில் ஒன்று போட்டால்தான் உட்கார முடியும் என்று வருஷக்கணக்கில் விழுங்குகிறார்கள். வயிறு புண்ணாகிறது, சிறுநீரகம் கெட்டுப்போகிறது. பாதுகாப்பான, மலிவான, வேலியில் விளைகிற ஒன்று அந்த மாத்திரையில் பாதியைக் குறைத்தாலே எத்தனை வீட்டுக்கு உபகாரம்! அப்படிக் குறைக்குமா என்று யாராவது உட்கார்ந்து, ஒழுங்காக, மனிதர்களிடம் பார்த்துச் சொல்ல வேண்டும். எலிக்கு வீக்கம் வற்றியது என்ற செய்தியோடு நாற்பது வருஷம் நிற்பது மூலிகைக்கும் மரியாதை இல்லை, நோயாளிக்கும் மரியாதை இல்லை.

முடியாத காரியமும் இல்லை. மத்திய இந்தியக் காடுகளில் வளரும் சல்லகி மரத்துப் பிசினை நாகபுரியில் சோதித்து 2003-ல் எழுதினார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 30 பேர்தான். பாதிப் பேருக்குப் பிசினில் செய்த மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி தோன்றும் வெறும் மருந்து, எட்டு வாரம். அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு கூட்டத்தையும் மாற்றிக் கொடுத்து இன்னும் எட்டு வாரம். மருந்து எடுத்த காலத்தில் வலியும் வீக்கமும் குறைந்தன, கூடுதல் தூரம் நடக்க முடிந்தது. எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். வலியைக் குறைக்கும், தேய்ந்ததைத் திரும்ப வளர்க்காது என்று நோயாளிக்கு நேர்மையாகச் சொல்ல இப்போது ஒரு ஆதாரம் இருக்கிறது. 30 பேரும் சில மாதமும் போதுமாக இருந்தது, முதல் அடிக்கு.

இதைச் செய்யப் பாளையங்கோட்டையை விடப் பொருத்தமான ஊர் இந்தத் தமிழ்நாட்டிலேயே இருக்கிறதா என்று சொல்லுங்கள். 1964-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது, அடுத்த வருஷமே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது, இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒன்றில் முடக்கத்தானைக் குணபாடத்தில் (சித்த மருத்துவத்தின் மருந்துப் பொருள் பாடம்) வரிவரியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், தினமும் மூட்டுவலியோடு வரிசையில் நிற்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். இன்னொன்றில், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், எலும்பு மருத்துவர்களும் மருந்தியல் துறையும் இரத்தப் பரிசோதனைக் கூடமும் இருக்கின்றன. சித்த மருத்துவர் மருந்தைச் செய்யட்டும், எலும்பு டாக்டர் யார் தேய்மானக்காரர், யார் முடக்குவாதக்காரர் என்று பிரிக்கட்டும். யாருக்கு எது கொடுத்தோம் என்று கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தெரியாமல் உறையில் போட்டு எண் கொடுக்கட்டும். முடக்கத்தானுக்குத் தனி வாசனையும் லேசான கசப்பும் உண்டு, கஷாயமாகக் கொடுத்தால் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் கேப்ஸ்யூலில் அடைத்துத்தான் கொடுக்க வேண்டும். காலையில் மூட்டு எவ்வளவு நேரம் இறுகியிருக்கிறது, வலி மாத்திரை எத்தனை குறைந்தது, படி ஏற முடிகிறதா, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவு என்ன, ஈரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவா என்று குறித்துக்கொண்டே வந்தால் போதும். ஆரம்பிக்கும்போதே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவுசெய்துவிட வேண்டும், முடிவு பிடிக்கவில்லை என்றால் மூடி மறைக்க அப்போது வழியிருக்காது. முதலில் தேய்மான வலிக்காரர்களை மட்டும் எடுங்கள். முடக்குவாதக்காரர்களின் மாத்திரையில் யாரும் கை வைக்க வேண்டாம்.

சரக்கு விஷயத்தில் கடைக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் காய் பிடித்த பருவத்தில் பறித்து நிழலில் உலர்த்திய இலை ஒரு மாதிரி, வெயிலில் போட்டு மஞ்சளாகிப்போன இலை இன்னொரு மாதிரி. பொடித்த புதிதில் பச்சையாக வாசனையோடு இருப்பது மாதங்கள் போனால் பழுத்து மண் நிறத்துக்கு வந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் புகை குடித்து வளர்ந்ததும், பூச்சிமருந்து அடிக்கும் வயல் வரப்பில் வளர்ந்ததும் மூட்டையில் சேர்ந்துதான் வருகிறது. ஆய்வுக்கு எடுக்கிற சரக்கு எந்த இடம், எந்த மாதம், எப்படி உலர்த்தியது என்று எழுதிவைத்து, வாசுதேவநல்லூரில் செய்தாலும் வள்ளியூரில் செய்தாலும் ஒரே தரமாக வரும்படி முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆய்வில் வேலை செய்தது, இன்னொன்றில் செய்யவில்லை என்று காலத்துக்கும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

அடுத்தது உங்கள் பத்திரிகைக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தக் கட்டுரைக்குக் கீழேயே, பேரைச் சொல்லவில்லை, கூரியரில் வரும் ஒரு மூட்டுவலிப் பொடிக்கு விளம்பரம் போட்டிருந்தீர்கள், மூன்றே நாளில் வலி பறந்துவிடுமாம். மூலிகை என்று விற்கிற எந்தப் பொடியாவது மூன்று நாளில் பல வருஷ வலியைச் சுத்தமாக எடுத்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். மூட்டுவலிக்கு இயற்கைச் சத்து மாத்திரை என்று விற்ற சரக்கில் டைக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டப்பா லேபிளில் சொல்லாமலே கலந்திருந்ததை 2022-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் கண்டுபிடித்து எச்சரித்தது. டெக்ஸாமெத்தசோன் வலியை உடனே அடக்கும். அப்புறம் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், திடீரென்று நிறுத்தினால் ஆளே சரிந்துவிடுவார். இப்படிப் பொடி வாங்கிச் சாப்பிட்டு முகம் வீங்கி என் கடைக்கு வந்து, ‘அதே பொடி உங்ககிட்ட உண்டுமா?’ என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன். வாதநோயைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் என்று பேர், அதன் பட்டியலில் வாதநோயும் இருக்கிறது. உங்கள் விளம்பரப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது.

ஜெர்மனியில் இதே கொடியில் செய்த ஹோமியோபதிக் களிம்பைத் தோல் அரிப்புக்குக் கடைகளில் வைத்து விற்கிறார்கள். நாளைக்கு வெளிநாட்டுக்காரன் யாராவது மூட்டுவலிக்கும் ஒழுங்காகச் சோதித்து, அழகான டப்பாவில் அடைத்து நமக்கே விற்றால், ‘எங்கள் பாட்டி அன்றே சொன்னாள்’ என்று ஒரு கட்டுரை போடுவீர்கள். அதற்கு முன்னால் நாம் செய்யலாமே என்றுதான் கேட்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்தத் தலைப்பு தவறு என்று அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள், முடக்குவாத மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்த வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். மூன்று நாள் பொடி விளம்பரத்தை நிறுத்துங்கள். அப்புறம், உங்கள் திருநெல்வேலி நிருபரைப் பாளையங்கோட்டையில் இரண்டு கல்லூரி முதல்வர்களிடமும் அனுப்பி, முடக்கத்தானைச் சேர்ந்து சோதிக்க என்ன தடை, பணமா, ஆளா, மேலிடத்து அனுமதியா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே போடுங்கள். பணம்தான் தடை என்றால் சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது, அவர்களிடமும் கேளுங்கள். ஆய்வுக்கு என்று கேட்டால் இந்த மழைக்கே நல்ல சரக்கைப் பறித்து, காயும் விதையுமாக அடையாளம் காட்டி, நிழலில் உலர்த்திக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.